எழுதாமல் விட்ட காகம்

அண்மையில் வந்த என் படப்புத்தகத்தில் மொத்தம் 163 சொற்கள் இருக்கின்றன. அதன் முதல் கையெழுத்துப் படியில் ஏறத்தாழ 900 சொற்கள் இருந்தன. அந்த 900 சொற்களை எழுத எனக்கு இரண்டு மாலைகள் போதுமாக இருந்தன. அவற்றை 163 ஆகக் குறைக்க 11 மாதங்கள் ஆயின. சென்ற வாரம் பதிப்பகத்திலிருந்து, புத்தகம் இரண்டாம் அச்சுக்குப் போகிறது, திருத்தங்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. ஒரே ஒரு திருத்தத்தை அனுப்பியிருக்கிறேன். 23ஆம் பக்கத்தில் இருக்கும் ஒரே சொல்லை நீக்கிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதை ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை 2019ஆம் ஆண்டுக் கோடையில் பிறந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்த கோடை அது; ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றவை குடங்கள்தாம். மனிதர்கள் சுவரோர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, ரோஜா நிறப் பிளாஸ்டிக் குடங்கள் காற்றில் உருண்டுவிடாமல் இருக்க, அவற்றின் கழுத்தில் கயிற்றைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லையோ உடைந்த வாளியையோ வைத்து இடம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் குடத்துக்கும் ஒரு குழந்தை காவலிருந்தது. அந்தக் குழந்தைகளில் ஒரு சிறுமி, யாராவது ஒரு குடத்தை நகர்த்தும்போதெல்லாம் எழுந்து போய்த் தன் குடம் எத்தனையாவது என்று எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் எண்ணியதை நான் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் அவ்வளவுதான்: ஒரு சிறுமி, ஒரு குடம், ஒரு காத்திருப்பு.

முதல் படியின் தொடக்கம் இப்படி இருந்தது: "சென்னை நகரத்தின் ஒரு சிறிய தெருவில் செல்வி என்ற ஏழு வயதுச் சிறுமி தன் அம்மாவுடனும் பாட்டியுடனும் வாழ்ந்துவந்தாள். அவள் நீல நிறப் பாவாடை அணிந்து, இரட்டைச் சடை பின்னியிருந்தாள். அன்று வெயில் கடுமையாக இருந்தது." இந்த மூன்று வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை, கதையாக வாசித்தால் குறை சொல்லவும் முடியாது. ஆனால் படப்புத்தகத்தில் இவற்றுக்கு இடமில்லை. தெரு, பாவாடை, சடை, வெயில் ஆகிய நான்கையும் ஓவியர் வரையப்போகிறார். வரைந்த பிறகு அவற்றை எழுத்திலும் சொன்னால், குழந்தை தன் கண்ணால் கண்டுபிடித்த ஒன்றை நாம் பிடுங்கி மறுபடியும் அதன் கையில் கொடுத்தது போலாகும். அச்சில் வந்த தொடக்கம் மூன்று சொற்கள்: "எங்கள் குடம் பன்னிரண்டாவது." படத்தால் இதைச் சொல்ல முடியாது. வரிசையில் இருக்கும் குடங்களைப் படம் காட்டும். அவற்றுள் எது எங்களுடையது என்பதைக் காட்டாது. ஆகவே குழந்தை விரலை வைத்து எண்ணத் தொடங்குகிறது. பன்னிரண்டாவது குடத்தின் அருகில் நிற்கும் சிறுமிதான் பேசுகிறாள் என்பது அப்போது தானாகவே தெரிகிறது. பெயர்கூடத் தேவைப்படவில்லை.

படம் போட்ட கதைக்கும் படப்புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். படம் போட்ட கதையில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். என் தலைமுறையினர் வளர்ந்த சிறுவர் இதழ்களில் அருமையான ஓவியர்கள் வரைந்தார்கள், ஆயினும் எழுத்தே கதையைச் சுமந்தது. தமிழில் சிறுவர் இலக்கியம் நெடுங்காலம் காதுக்கானதாகவே இருந்திருக்கிறது. பாரதியின் பாப்பா பாட்டும் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் யாருக்கும் படத்தோடு நினைவுக்கு வருவதில்லை, ஓசையோடுதான் வருகின்றன. படமும் எழுத்தும் பாதிப்பாதியாகக் கதை சொல்லும் புத்தகத்தை நான் முதலில் பார்த்தது, மாஸ்கோவில் தமிழில் அச்சாகி இங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த சோவியத் புத்தகங்களில். 1991க்குப் பிறகு அந்த வரத்து நின்றுபோயிற்று. பிறகு சென்னையிலேயே டாரா, தூலிகா போன்ற பதிப்பகங்கள் 1990களில் தொடங்கி, இந்திய ஓவியர்களைக் கொண்டு நம் ஊர் முகங்களும் நம் ஊர்த் தெருக்களும் உள்ள படப்புத்தகங்களைக் கொண்டுவந்தன. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் அதற்கு முன்பிருந்தே பல மொழிகளில் விலை மலிவான சிறுவர் நூல்களை வெளியிட்டுவந்தது. ஆகவே தமிழில் படப்புத்தகம் எழுதுபவருக்குப் பின்னால் நீண்ட பாட்டு மரபும் குறுகிய பட மரபும் இருக்கின்றன. எழுதும்போது கை பாட்டின் பக்கமே சாய்கிறது. என் முதல் இரண்டு புத்தகங்களில் எதுகை மோனைக்காக நான் சேர்த்த சொற்கள் அத்தனையும் இப்போது எனக்கு அதிகப்படியாகத் தெரிகின்றன.

பக்கக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு தாளை மடித்து நடுவில் கம்பி அடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஆகவே நடுவில் கம்பி அடித்த புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க முடியும். உலக அளவில் 32 பக்கம் வழக்கமானது. நம்மிடம் விலையைக் குறைப்பதற்காக 24 பக்கமும் 16 பக்கமும் அதிகம். 24 பக்கத்தில் முதல் பக்கம் தலைப்புக்கும் கடைசிப் பக்கம் பதிப்பு விவரங்களுக்கும் போனால், மிச்சம் 11 இரட்டைப்பக்கங்கள். கதை முழுவதும் இந்தப் பதினொரு விரிப்புகளுக்குள் நடந்தாக வேண்டும். நான் ஆறு வெள்ளைத் தாள்களை மடித்துக் கம்பி அடித்து, டம்மி என்று நாங்கள் சொல்லும் மாதிரிப் புத்தகத்தைச் செய்து, வாக்கியங்களைத் தாளில் வெட்டி ஒட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கணினித் திரையில் நன்றாக இருந்த வாக்கியம் டம்மியில் விழுந்துவிடும். இந்தப் புத்தகத்துக்கு 14 டம்மிகள் செய்தேன். அவற்றில் ஒன்பதாவது டம்மியில்தான், என் கதையின் பெரிய குறை எனக்குத் தெரிந்தது: ஒவ்வொரு பக்கமும் தன்னுள்ளேயே முடிந்துவிடுகிறது. "லாரி வந்தது." புரட்டு. "எல்லோரும் ஓடினார்கள்." புரட்டு. "அம்மா குழாயைப் பிடித்தாள்." ஒவ்வொரு முற்றுவினையும் ஒரு கதவை மூடுகிறது. மூடிய கதவின் முன் நிற்கும் குழந்தைக்குப் பக்கத்தைப் புரட்ட என்ன காரணம் இருக்கிறது?

பக்கம் புரட்டும் இடத்தில் குழந்தையின் மனத்தை ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை, படப்புத்தகம் எழுதக் கற்றுத்தரும் எல்லாப் பட்டறைகளிலும் சொல்வார்கள். ஆனால் அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கில வாக்கியங்கள். ஆங்கிலத்தில் வினை முதலில் வந்து, பார்க்கப்பட்ட பொருள் பின்னால் வரும். ஆகவே "பார்த்தான்" என்பதை இந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு, "யானையை" என்பதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாம். தமிழில் வாக்கியம் வினையில் முடிகிறது. யானை முதலில் வந்துவிடும். ஆங்கில முறையை அப்படியே எடுத்துக்கொண்டு "அவன் பார்த்தது என்ன தெரியுமா?" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்கும் தமிழ்ப் படப்புத்தகங்கள் நிறைய வந்திருக்கின்றன, நானும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்கும்போது குழந்தைக்கு அந்தக் கேள்வி அலுத்துவிடுகிறது.

தமிழ் வாக்கியத்துக்கு வேறு ஒரு வலிமை இருக்கிறது, அதை நான் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்திருந்தேன். வினையெச்சம் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது: எஞ்சி நிற்பது, முடிவை எதிர்பார்த்து நிற்பது. "வந்து", "ஏறி", "குதித்து" என்று அடுக்கிக்கொண்டே போகலாம். முற்றுவினை வரும்வரை கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பாட்டிமார் கதை சொல்லும்போது இதைத்தான் செய்தார்கள்: "போயி, போயி, போயி…" என்று நீட்டிக்கொண்டே நம் முகத்தைப் பார்ப்பார்கள். பத்தாவது டம்மியில் லாரி வரும் இடத்தை இப்படி மாற்றினேன்:

"ஹாரன் அடித்து, முனையில் திரும்பி, எங்களைத் தாண்டிப் போய்,"

இங்கே பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் ஒரே சொல்: "நின்றது."

இதை எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்த என் தங்கை மகனிடம் வாசித்துக் காட்டினேன். "தாண்டிப் போய்" என்ற இடத்தில் நான் நிறுத்தியதும் அவன் முகம் வாடியது, "போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே என் கையைத் தள்ளிவிட்டு அவனே புரட்டினான். எழுத்தாளர்கள் பலர் விருதுகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தள்ளலைத்தான் நான் எண்ணிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கருவியையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். உற்சாகத்தில் எல்லாப் பக்கங்களையும் எச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். புத்தகம் முழுவதும் மூச்சு வாங்கியது. இறுதியில் பத்துப் புரட்டல்களில் மூன்றை மட்டும் அப்படி வைத்துக்கொண்டேன். மற்றவை அமைதியாக முடிகின்றன.

ஓவியரைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. படப்புத்தகத்தில் எழுத்தாளரும் ஓவியரும் பெரும்பாலும் நேரில் பேசிக்கொள்வதில்லை; பதிப்பாசிரியர் இடையில் இருப்பார். இது எழுத்தாளருக்கு முதலில் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் நியாயம் உண்டு. எழுத்தாளர் அருகிலேயே இருந்தால் ஓவியர் எழுத்தாளரின் மனத்தில் இருப்பதை வரைவார். தூரத்தில் இருந்தால் பக்கத்தில் இல்லாததை வரைவார். எங்கள் ஓவியர் பென்சில் கோடுகளால் ஆன ஸ்டோரிபோர்டை அனுப்பியபோது, இரண்டாவது விரிப்பில் மின்கம்பியின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. என் எழுத்தில் காகம் கிடையாது. நான்காவது விரிப்பில் அது கைப்பிடிச் சுவரில் இருந்தது. ஆறாவதில் லாரியின் தலையில் இருந்தது. எட்டாவதில் அதன் அலகில் ஒரு சிறு கல். வரிசையின் மூலையில், கழுத்து விரிசல் விட்டதால் இடம் பிடிப்பதற்கு மட்டும் வைக்கப்பட்ட ஒரு பழைய குடத்தை நான் எழுதியிருந்தேன். லாரிக் குழாயிலிருந்து சிந்திய தண்ணீர் அதன் அடியில் கொஞ்சம் தேங்கியிருப்பதாக ஓவியர் வரைந்திருந்தார். அடியில் தண்ணீர் உள்ள குடம், அலகில் கல்லோடு ஒரு காகம். நம் வீடுகளில் நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்தப் பழைய கதை தெரியும். சிறுமி தன் தண்ணீருக்காகக் காத்திருக்கும் அதே நேரத்தில், அவளுக்குப் பின்னால், ஒரு சொல்கூட இல்லாமல், இன்னொருவரும் காத்திருக்கிறார்.

நான் அந்த ஸ்டோரிபோர்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் எழுத்திலிருந்து இரண்டு பக்கங்களை முழுவதுமாக எடுத்துவிட்டேன். சிறுமி பாட்டியிடம் "பறவைகளுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?" என்று கேட்கும் பக்கங்கள் அவை. முதல் படியில் எனக்கு மிகவும் பிடித்த இடமாக அதுதான் இருந்தது. காகம் வந்தபின் அது வெறும் உபதேசமாகிவிட்டது. எழுத்துக்குக் காகத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்றும், படத்துக்கு மட்டும் தெரியும் என்றும் முடிவு செய்தோம். வாசித்துக்காட்டும் பெரியவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்துத் தெரியாத குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்தப் புத்தகத்தில் பெரியவருக்குத் தெரியாத ஒன்று குழந்தைக்கு முதலில் தெரியும்.

கடைசி விரிப்புக்கு மட்டும் காகத்தை எழுத்து ஒருமுறை தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. "காகம் வந்தது" என்று எழுதுவதா, "காக்கா வந்தான்" என்று எழுதுவதா? தமிழ் உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரிக்கிறது. சிறுவர் கதையில் விலங்குகளும் பறவைகளும் மனிதர்களைப் போல நடந்துகொள்வதால், அந்தக் கோட்டின் மேல் நாங்கள் எப்போதும் நடந்துகொண்டிருக்கிறோம். அணிலுக்கு "வந்தாள்" போட்டதற்காக என் பழைய புத்தகம் ஒன்றைப் பற்றி ஓர் ஆசிரியர் வருத்தத்தோடு கடிதம் எழுதினார். நன்னூல் இதற்கு இடம் தருகிறது என்று அவருக்குப் பதில் எழுதினேன்: உவப்பினால் ஒரு பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது திணை வழுவமைதி, பிழைபோலத் தோன்றினாலும் ஏற்கப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொண்டு மறுகடிதமும் போட்டார். ஆனால் இந்தக் காகத்துக்கு இரண்டுமே பொருந்தவில்லை. "வந்தது" என்றால் பத்து விரிப்புகளாகக் குழந்தை தோழமையோடு பார்த்துவந்த ஒருவரை விலக்கிவைத்தது போல இருந்தது. "வந்தான்" என்றால் நான் வலிந்து அதற்கு மனித வேடம் போட்டது போல இருந்தது.

வழியைப் பெயரெச்சம் காட்டியது. "உட்கார்ந்த" என்ற சொல்லுக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை, எண்ணும் இல்லை. உட்கார்ந்த சிறுவன், உட்கார்ந்த காகம், உட்கார்ந்த பறவைகள் என்று எந்தப் பெயரையும் அது ஏற்கும். ஒரு பெயருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். 21ஆம் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"எல்லோரும் போன பிறகு, மூலைக் குடத்தின் விளிம்பில் மெல்ல வந்து உட்கார்ந்த"

புரட்டினால் 22, 23ஆம் பக்கங்கள் முழுவதும் காகத்தின் படம். எழுத்தே வேண்டாம், அந்தப் படம்தான் வாக்கியத்தின் பெயர்ச்சொல். தமிழில்தான் இது முடியும் என்று மகிழ்ந்தேன். பிறகு அது சரியில்லை என்று தெரிந்தது. மொழிபெயர்ப்புகள் தயாரானபோது தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் அதே இடத்தில் அதே வாக்கியம் சிரமமில்லாமல் உட்கார்ந்தது, ஏனென்றால் அந்த மொழிகளிலும் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் ஆங்கில வாக்கியத்துக்கான உத்திகளைத் தமிழுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட எனக்கு, எதிர்த்திசையில் ஒன்று போக முடியாமல் நின்றதைப் பார்த்தது மிகுந்த நிறைவைத் தந்தது.

மொழிபெயர்ப்பு என்றதும் அச்சகத்து விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வண்ணப் புத்தகம் சயான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு தகடுகளில் அச்சாகிறது. பல மொழிப் பதிப்புகளில் படம் ஒன்றேதான். எழுத்து முழுவதும் கருப்பில் இருந்தால், மூன்று வண்ணத் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு கருப்புத் தகட்டை மட்டும் ஒவ்வொரு மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம். செலவு மிகவும் குறையும். இதனால் ஓவியர் எழுத்துக்கு வெளிர் நிறத்தில் இடம் விட்டு வரைய வேண்டும். அடர்ந்த இரவு வானத்தில் வெள்ளை எழுத்து வைக்க முடியாது. லாரியின் "பாம்! பாம்!" ஒலியைச் சிவப்புத் தூரிகையால் படத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்று எங்கள் ஓவியர் மிகவும் ஆசைப்பட்டார். அதைக் கைவிட வேண்டியிருந்தது.

எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் புதிதாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது. கதையைச் சிறுமியே சொல்கிறாள். எந்த ஏழு வயதுச் சிறுமியும் "எங்கள் குடம் பன்னிரண்டாவது" என்று சொல்ல மாட்டாள், "எங்க கொடம் பன்னண்டாவது" என்றுதான் சொல்வாள். பேச்சுத் தமிழில் எழுதினால் வாசித்துக்காட்டும்போது இயல்பாக இருக்கும். ஆனால் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது சிரமம். பள்ளியில் கற்ற "குடம்" என்ற சொல்லை அது "கொடம்" என்ற வடிவத்தில் அடையாளம் காணாது. மேலும் சென்னைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒன்றல்ல. எழுத்துத் தமிழ் எல்லாருக்கும் சமமான தூரத்தில் நிற்கிறது. நல்ல அம்மாவும் நல்ல ஆசிரியரும் எழுத்துத் தமிழைப் பார்த்துக்கொண்டே தங்கள் ஊர்ப் பேச்சில் வாசிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் வாக்கியங்களை எழுதுவதே என் வேலை என்று நினைக்கிறேன்: எழுத்தில் எழுத்துத் தமிழாகவும், நாவில் தடங்காமல் பேச்சாக உருகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "நின்றது" என்பதை "நின்னுச்சு" என்று ஒரு நொடியில் மாற்றலாம். "நின்றுகொண்டிருந்ததை அவர்கள் கண்டனர்" என்பதை மாற்ற முடியாது.

எழுத்து வடிவத்தையும் பார்க்க வேண்டும். புதிதாகப் படிக்கும் குழந்தைக்குக் "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வருவது பெரிய புதிர். ஒலியில் பின்னால் வரும் உயிர் கண்ணுக்கு முதலில் தெரிகிறது. "மரத்திலேறி" என்று சேர்த்து எழுதினால் அகராதியில் இல்லாத புதுச் சொல்லாக அது தோன்றும். "மரத்தில் ஏறி" என்று பிரித்தால் இரண்டும் தெரிந்த சொற்கள். 2023இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை "நுழை, நட, ஓடு, பற" என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருந்ததைப் பார்த்தபோது, இதையெல்லாம் யோசிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது. எல்லா மாற்றமும் ஆதாயம் மட்டுமே என்றும் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்கள் எங்கள் ஊர் நூலகத்தில் இருந்தன. அவற்றில் "னை" என்ற எழுத்தின் ஐகாரம் தும்பிக்கைபோல மேலே சுருண்டிருக்கும். "யானை" என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு யானை நின்றது. சீர்திருத்தம் கற்பதை எளிதாக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனாலும் அந்தத் தும்பிக்கையை நினைத்துக்கொள்கிறேன்.

அச்சுப்படி பார்ப்பது சலிப்பான வேலை, ஆனால் அதை யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன். என் முதல் புத்தகத்தில், வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காததால், ஒரு பக்கத்தில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. யாரும் கவனிக்காமல் அது அப்படியே அச்சாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு குழந்தை அந்தப் பக்கத்தில் நின்று, தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

வருமானத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: என் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விற்பனை விலையில் 10 சதவீதம் உரிமத்தொகை, அதில் எனக்குப் பாதி, ஓவியருக்குப் பாதி. 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு எனக்கு 3 ரூபாய். ஓவியர் ஐந்து மாதம் வரைந்தார். இந்தப் பங்கீடு ஓவியருக்கு நியாயமானது அல்ல என்பதே என் எண்ணம்.

இனி அந்த ஒரு சொல். 22, 23ஆம் பக்கங்களில் எழுத்தே இல்லாமல் படம் மட்டும் இருக்க வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்ததைப் பதிப்பாசிரியர் ரசித்தார், ஆனால் தயங்கினார். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்கள் முடிவில்லாத வாக்கியத்தைப் பிழை என்று கருதலாம். ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது என்றும் நினைக்கலாம். நானும் பயந்தேன். 23ஆம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், "காகம்." என்று சேர்த்தேன். அதோடு புத்தகம் வெளிவந்தது.

சென்ற மாதம் வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தில் இருபது குழந்தைகளுக்கு அதை வாசித்தேன். அவர்கள் இரண்டாவது விரிப்பிலேயே காகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுந்து வந்து, "அக்கா, அது இங்க இருக்கு" என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான். "உட்கார்ந்த" என்று நான் நிறுத்தியபோது அறை அதிர்ந்தது. "காக்கா!" என்றார்கள் பலர். "அண்டங்காக்கா!" என்று ஒரு குரல். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "அவன்தான்!" என்றாள். மூன்றுமே அந்த வாக்கியத்தில் சரியாகப் பொருந்தின. நான் பக்கத்தைப் புரட்டினேன். அவர்கள் சொன்னது அங்கே பெரிதாக, கருநீல இறகுகளோடு உட்கார்ந்திருந்தது. எழுத்துத் தெரிந்த ஒரு பெரிய பையன் குனிந்து, அடியில் இருந்ததைப் படித்தான். "காகம்" என்றான். "அவன்தான்" என்று சொன்ன சிறுமி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு, "காக்கான்னு சொல்லக் கூடாதா அக்கா?" என்று கேட்டாள்.

சொல்லலாம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், அச்சுக்குப் போக எவ்வளவு நாள் இருக்கிறது என்று பதிப்பாசிரியரிடம் விசாரித்தேன். சென்ற வாரம் அவருடைய மின்னஞ்சல் வந்தவுடன் திருத்தத்தை எழுதி அனுப்பினேன். வண்ணத் தகடுகளைத் தொட வேண்டியதில்லை, கருப்பு மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாம் அச்சில் 162 சொற்கள் இருக்கும்.